வெள்ளி டாலரின் ராணி பக்கம்

தோர்தி செத்த அன்று நான் அழுதேன். பொய்யில்லை, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். ஆனால் அழுதுகொண்டிருக்கும்போதே, படித்துறையில் அவளுடைய இடம் இனி யாருக்கு என்ற யோசனையும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வந்தால், அங்கே போதில் நின்று என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதே யோசனைதான்.

ஸ்டாக்ஹோமில் அரண்மனைக்குக் கீழே இருக்கும் கல்படியில் பன்னிரண்டு படகுகளுக்குத்தான் இடம். பன்னிரண்டு படகுக்காரிகளின் பெயர் துறை எழுத்தரின் புத்தகத்தில் இருக்கும். பெயர் இருப்பவள் முதலாளி; இடத்தோடு படகும் அவளுக்குத்தான். இல்லாதவள் அடுத்தவள் படகில் துடுப்புப் போட்டு, அவள் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். பதினோரு வருடம் தோர்தியின் படகில் நான் துடுப்புப் போட்டேன். வாயை மட்டும் மூடவில்லை.

அந்த இடம் கிடைக்காவிட்டால் எனக்கு என்ன ஆகும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கல்யாணம் ஆகாதவள், சொந்தமாகத் தொழில் இல்லாதவள், யாராவது ஒருவர் வீட்டில் வருடக் கூலிக்கு வேலைக்காரியாகப் போயே ஆக வேண்டும். சட்டம் அப்படி. மற்ற பதினோரு படகிலும் துடுப்புக்கு ஏற்கெனவே ஆள் இருந்தது. செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் திருநாளுக்குள் நானே ஒரு வீடு பார்த்துக்கொள்ளாவிட்டால் நகரக் காவலர்கள் பிடித்துக்கொண்டுபோய் எங்கேயாவது விடுவார்கள். அதற்கும் அவசியம் வைக்காமல் என் அக்கா புருஷன் எவெர்ட் ஸ்ட்ரெங்னாஸ் ஊரிலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார். அவருக்கு அங்கே தோல் பதனிடும் கொட்டகை. ஆறு பிள்ளைகள். திருநாளன்று வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவாராம். அந்தக் கொட்டகைக்குள் நான் ஒருமுறை போயிருக்கிறேன். அக்கா அப்போதே பேசுவதை மறந்துபோயிருந்தாள்.

போதிலுக்கு அந்த ஆபத்தெல்லாம் இல்லை. அவள் விதவை. தெற்குக் கரையில் சின்னதாக ஒரு குடிசையும் எரு ஏற்றும் ஒரு பழைய படகும் இருந்தன. ஆனால் பன்னிரண்டு வருடம் எரு ஏற்றியவளுக்கு, பட்டுப் பாவாடைக்காரிகளையும் அரண்மனை உத்தியோகஸ்தர்களையும் ஏற்றிப் பார்க்க ஆசை இருக்காதா. இருக்கும்தான். அது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. ஆறு வருடத்துக்கு முன்பு, ஏரியையும் கடலையும் பிரிக்கும் மதகுக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே என் துடுப்பில் இடித்து என்னைத் தண்ணீரில் தள்ளியவள் அவள். நான் மேலே வந்து அவள் தொப்பியைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டேன். அன்று எங்கள் இரண்டு பேருக்கும் நடந்த பேச்சைக் கேட்க இரண்டு கப்பல்களின் மாலுமிகள் வேலையை நிறுத்திவிட்டு வரிசையாக நின்றார்கள். இந்த ஊரில் திட்டுவதற்குப் பேர்போன வாய் இரண்டு. ஒன்று என்னுடையது. இன்னொன்று, வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன், என்னுடையதைவிடக் கொஞ்சம் பெரியது.

துறை எழுத்தர் யோக்கிம் நல்ல மனிதர். ஜெர்மன்காரர். சண்டை என்றால் அவருக்குத் தலைவலி வந்துவிடும். நான் என் பக்கம் சாட்சி சொல்ல நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். போதில் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சாட்சிகள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

"போதும்மா," என்றார் யோக்கிம், நெற்றியைப் பிடித்துக்கொண்டு. "ரெண்டு பேருக்கும் சரிசமமா உரிமை இருக்கு. சீட்டுப் போட்டுப் பாத்துடலாம். கடவுளே முடிவு பண்ணட்டும்."

கடவுள் முடிவு பண்ணுவதென்றால் பாதிரியார் இருக்க வேண்டும். மறுநாள் காலை பாதிரியார் சக்காரியஸ் வந்து எழுத்தரின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மேசையைப் படித்துறையிலேயே போட்டிருந்தார்கள். மீன்காரிகள், மூட்டை தூக்குபவர்கள், போலந்துச் சண்டைக்குக் கப்பலேறக் காத்திருந்த சிப்பாய்கள் என்று ஒரு திருவிழாக் கூட்டம். யாரோ பீர்கூட விற்றார்கள்.

யோக்கிம் முதலில் பகடைக் காய்களை எடுத்தார். பாதிரியார் தலையை ஆட்டினார். "சிலுவைக்குக் கீழ உக்காந்து கர்த்தரோட அங்கிக்குச் சீட்டுப் போட்டாங்களே, அவங்க செஞ்ச வேலையை நீங்க செய்யப் போறீங்களா?"

பகடை பைக்குள் போய்விட்டது. அடுத்து ஒரு செம்புக்காசு வந்தது. பாதிரியார் அதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஒரு பக்கம் கிரீடம், இன்னொரு பக்கம் அம்பு. கடவுள் எங்க? அவர் பேர் இல்லாத காசுல அவர் எப்படி முடிவு சொல்லுவார்?"

கூட்டத்திலிருந்து ஒரு மூட்டைக்காரர், "செம்புப் பலகையைச் சுண்டுங்கய்யா, யார் கால்ல விழுதோ அவங்க தோத்தாங்க," என்றார். எங்கள் நாட்டில் பெரிய பணமென்றால் செம்புப் பலகைதான். ஒன்றைத் தூக்க இரண்டு கை வேண்டும். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. 

ஆக, வெள்ளிதான். இங்கே வெள்ளிக்காசு என்றால் கடவுள் ஏதோ ஒரு வடிவத்தில் அதில் இருப்பார். யோக்கிம் புது ராஜாவின் காசு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு பக்கம் ராஜா. மறுபக்கம் கடவுளின் பெயர்.

"எது யாருக்கு, சொல்லுங்க," என்றார்.

"எனக்குக் கடவுள்," என்றேன்.

"எனக்குந்தான்," என்றாள் போதில், அதே மூச்சில்.

"யாராவது ஒருத்தர் ராஜா பக்கம் எடுக்கணும்மா."

"கடவுளுக்கு எதிரா நின்னு நான் ஜெயிக்கணுமா?" என்றாள் போதில். "நான் கிறிஸ்தவச்சிங்கய்யா. அவளை எடுக்கச் சொல்லுங்க. அவளுக்குத்தான் எந்தப் பக்கம் நின்னாலும் கூச்சம் இருக்காது."

"ஏண்டி, எரு அள்ளுறவளே, உனக்கு மட்டுந்தான் ஞானஸ்நானம் குடுத்தாங்களா?" என்றேன் நான். "எனக்கு ராஜா வேண்டாம்."

யோக்கிமின் முகம் வெளுத்துவிட்டது. அவர் சட்டென்று காசைக் கைக்குள் மறைத்துக்கொண்டார். சுற்றி நிற்பவர்கள் எல்லாம் ராஜாவின் சிப்பாய்கள். "ராஜா வேண்டாம்னு ரெண்டு பேர் என் மேசைக்கு முன்னாடி நின்னு சொன்னீங்கன்னு வெளிய தெரிஞ்சா, எம் பொழப்பு என்னாகும்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

அவர் பையைத் துழாவி இன்னொரு காசை எடுத்தார். பெரிய வெள்ளி நாணயம், டாலர் என்போம், பழைய ராணியின் காசு. ஒரு பக்கம் ராணியின் முகம். மறுபக்கம் கிறிஸ்து முழு உருவமாக நிற்கிறார், ஒரு கையில் உலக உருண்டை. அவரைச் சுற்றி லத்தீன் எழுத்து. பாதிரியார் அதை வாய்விட்டு வாசித்து, "உலக இரட்சகரே, எங்களை இரட்சியும்," என்று எங்களுக்கும் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் தழைந்தது. இது சரியான காசுதான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். ராணியை வேண்டாமென்று சொன்னால் யாரும் சிறையில் போட மாட்டார்கள். அவள்தான் இரண்டு வருடத்துக்கு முன்பே கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ரோமுக்குப் போய்ப் போப்பின் மதத்தில் சேர்ந்துவிட்டாளே.

ஆனால் அதிலேயே அடுத்த சங்கடம் வந்தது. ராஜாவை வேண்டாமென்று சொல்லத்தான் பயம். ராணியை வேண்டுமென்று சொல்ல அதைவிடப் பயம். ஒரு பக்கம் இரட்சகர். எதிர்ப்பக்கம் போப்பிடம் போனவள். இதில் போப்பை ஏற்காத எந்த லுத்தரன் பெண்பிள்ளை வாயைத் திறந்து ராணி என்பாள். போதில் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். நானும் வானத்தைப் பார்த்தேன். வானத்தில் கடல்காகங்கள்தான் இருந்தன.

"சாயங்காலம் வரைக்கும் இப்படியே நிக்கலாம்," என்றார் யோக்கிம். "முடிவாகலைன்னா ரெண்டு பேருக்கும் இல்ல. இடத்தை வேற யாருக்காவது குடுத்துடுவேன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. திருநாளுக்கு இன்னும் மூன்று வாரம். இவர்கள் என்னடாவென்றால் காசின் எந்தப் பக்கம் புண்ணியம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "சரி, ராணியை எனக்குப் போடுங்க," என்று கத்திவிட்டேன்.

 பீர் விற்றவர்கூட ஊற்றுவதை நிறுத்திவிட்டார்.

"யோசிச்சுத்தான் பேசுறியா, வால்போர்க்?" என்றார் பாதிரியார் மெதுவாக.

"யோசிச்சுத்தான் ஐயா. அவ எந்தக் கோயிலுக்குப் போனாங்கறது அவ பாடு, கடவுள் பாடு. கட்டிக்கச் சொன்னாங்க, கட்டிக்கல. உக்காரச் சொன்ன எடத்துல உக்காரப் பிடிக்கல, எழுந்து போயிட்டா. எவன் வீட்டுலயும் வேலைக்காரியாப் போயி நிக்கல. எனக்கு அது போதும்."

 திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "சுண்டக் கூடாது, கர்த்தர் உருவத்தை வானத்துல வீசி எறியறது தப்பு," என்று மட்டும் சொன்னார்.

ஆகவே குல்லாவில் போட்டுக் குலுக்குவதென்று ஆயிற்று. யோக்கிம் தன் குல்லாவைக் கழற்றினார். பாதிரியார் அதை வாங்கி உள்ளே பார்த்தார். "இதை எப்பத் துவைச்சது?" என்று கேட்டார். யோக்கிம் காசைத் துடைக்க ஆரம்பித்தார். கடைசியில் பாதிரியாரே தன்னுடைய குல்லாவைக் கொடுத்தார். கர்த்தர் குப்புற விழுந்தாலும் அழுக்கில் விழக் கூடாதென்று ஒரு மீன்காரி வீட்டுக்கு ஓடிப்போய் வெள்ளைத் துணி ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தாள்.

"எந்த முகம் மேல தெரியுதோ, அவங்களுக்கு இடம்," என்றார் யோக்கிம். "ஜெயிச்சவங்க தப்புத்தண்டா பண்ணி இடத்தை இழந்தா, அது தோத்தவங்களுக்குப் போகும். புத்தகத்துல எழுதிட்டேன்."

பாதிரியார் ஜெபித்தார். குல்லாவைக் குலுக்கித் துணிமேல் கவிழ்த்தார். தூக்கினார்.

கிறிஸ்து மேலே பார்த்துக்கொண்டு நின்றார், கையில் உலகத்தோடு.

 எவெர்ட்டின் கொட்டகை நாற்றம்தான் மூக்கில் ஏறியது. அதற்குள் போதில் சந்தோஷம் தாங்க முடியாமல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "ஆயிரம் பிசாசுங்க என்னைத் தூக்கிட்டுப் போக, ஜெயிச்சுட்டேண்டி," என்று ஊரே கேட்கக் கூவினாள்.

பாதிரியார் எழுந்து நின்றுவிட்டார். "கர்த்தர் கையால இடத்தை வாங்கிட்டு, வாங்கின நிமிஷமே பிசாசைக் கூப்பிடறியா?"

"ஐயா, வாய் தவறி—"

"உன் வாய் தவறாத நாள் எது? கேட்டுக்க. இது கிறிஸ்து குடுத்த இடம். இதுல நின்னுகிட்டு சாபம் போட்டா அது அவரை அவமானப்படுத்தறது. மூணு தடவை அப்படிப் பேசினா இடம் போயிடும். இப்பப் பேசினது ஒண்ணு. எழுத்தரே, எழுதுங்க."

யோக்கிம் எழுதினார். போதில் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது. இன்னும் இரண்டு. போதில் இரண்டு சாபம் போட எவ்வளவு நேரமாகும். சாயங்காலத்துக்குள் இடம் எனக்கு வந்துவிடும் என்று நினைத்தேன்.

அந்த வாரம் நான் செய்த அக்கிரமத்தை எல்லாம் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். இரண்டாம் நாள் அவள் படகுக் கயிற்றில் அவிழ்க்க முடியாத முடிச்சுப் போட்டு, அதன்மேல் மீன் குடலைத் தடவிவைத்தேன். அவள் இழுத்தாள், வழுக்கினாள், மூன்று படி கீழே உட்கார்ந்தபடியே போனாள். "எந்தப் பிசாசுக்குப் பொறந்தவ இதைப் பண்ணினது," என்று வாயில் வந்துவிட்டது. கோயிலில் தூங்குபவர்களைக் கோலால் குத்தி எழுப்புகிறவர் அன்று பார்த்து மேலே நின்றுகொண்டிருந்தார். நேரே பாதிரியாரிடம் போனார். இரண்டு.

ஒன்றுதான் பாக்கி. ஆனால் அதற்குப் பிறகு அவள் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டாள். நானும் விடவில்லை. தினமும் காலையில் படியில் போய் உட்கார்ந்துகொண்டு ஆரம்பிப்பேன்.

"என்ன போதிலம்மா, உங்க மேல இன்னும் எரு வாசம் அடிக்குதாமே. பிரபு வீட்டம்மா மூக்கைப் பொத்திட்டுப் போறாங்க."

"உனக்குச் சமாதானம் உண்டாகட்டும், வால்போர்க்," என்பாள் பல்லைக் கடித்துக்கொண்டு. கழுத்து நரம்பு புடைத்திருக்கும்.

"உங்க புருஷன் செத்ததுகூட உங்க பேச்சைக் கேக்க முடியாமத்தானாமே."

அன்று அவள் முகம் பீட்ரூட் நிறத்துக்குப் போனது. துடுப்பை இறுகப் பிடித்தாள். "கர்த்தர் உன்னை ஆசீர்வதிக்கட்டும்," என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கண்ணைப் பார்த்திருந்தால் நான் அங்கேயே நிறுத்தியிருப்பேனோ என்னவோ. பார்க்கவில்லை.

ஆனால் ஒன்றைப் பார்த்தேன். திட்டத் தெரியாத படகுக்காரிக்கு இந்தத் தண்ணீரில் பிழைப்பே கிடையாது. மதகுக்கு முன்னால் படகுகள் நெருக்கியடிக்கும்போது யாருடைய சத்தம் பெரியதோ அவள்தான் முதலில் போவாள். போதில் தயவுசெய்து வழி விடுங்கள் என்று கேட்டுக்கொண்டு கடைசியில் நின்றாள். மற்ற பதினோரு பேரும் அவளுடைய சவாரிகளைக் கண்ணெதிரே பறித்துக்கொண்டு போனார்கள். குடிகாரர்கள் அவள் படகில் ஏறி ஆட்டம் போட்டார்கள். முதல் சில நாள் ஏறியவர்களில் பாதிப் பேர் அவள் வாயைக் கேட்கலாம் என்றுதான் எரு நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. சும்மா உட்கார்ந்து துடுப்புப் போடுகிறவளோடு வர யாருக்கும் பிடிக்கவில்லை.

திருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அது நடந்தது. ஆறு சிப்பாய்கள் அவள் படகில் கப்பலிலிருந்து வந்து இறங்கினார்கள். காசு கொடுக்காமல் படியேற ஆரம்பித்தார்கள். போதில் பின்னாலேயே ஓடி, "ஐயா, கூலி, கூலி," என்றாள். ஒருவன் திரும்பி அவள் தொப்பியைத் தட்டிவிட்டு, "என்ன கெழவி, நாக்கைப் பூனை தின்னுடுச்சா? உன்னைப் பத்தி என்னென்னமோ சொன்னாங்க," என்று இளித்தான். அவள் அப்படியே நின்றாள்.  அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு சின்னதாக ஆகிவிடும் என்று எனக்குத் தெரியாது.

இதற்குத்தான் நான் மூன்று வாரமாகக் காத்திருந்தேன். ஒரு வார்த்தை வந்தால் போதும், இடம் எனக்கு. ஆனால் வந்தது என் வாயிலிருந்து.

எழுந்து நின்று ஆரம்பித்தேன் பாருங்கள். அவன் அம்மாவில் தொடங்கி, அவன் படைப்பிரிவு, அவன் பேன், போலந்துக்குப் போனால் அவன் எங்கே ஒளிந்துகொள்வான் என்பதுவரை வரிசையாகச் சொன்னேன். ராணி பக்கம் நின்று தோற்றவளுக்கு எந்தக் கட்டுப்பாடும் கிடையாதே. மற்ற சிப்பாய்களே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவன் காதுவரை சிவந்துபோய், காசை எடுத்துப் போதிலின் கையில் வைத்துவிட்டு, தொப்பியையும் பொறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

போதில் படியில் உட்கார்ந்தாள். தன் கறுப்பு ரொட்டியைப் பிய்த்து, உப்பு மீன் ஒரு துண்டு வைத்து என் பக்கம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

"அவன் பேன் பத்திச் சொன்னது நல்லா இருந்துது," என்றாள்.

"உன்கிட்டக் கத்துக்கிட்டதுதான்."

"தெரியும். ஆனா நடுவுல மூச்சு வாங்கிட்ட. மூச்சு வாங்கக் கூடாது."

மென்றுகொண்டே இருந்தோம். "அன்னைக்கு உன் புருஷனைப் பத்திச் சொன்னது தப்பு," என்றேன். அவள் தலையாட்டினாள்.

"ஏன் போதில், ஒரே ஒரு தடவை திட்டிடேன். உனக்கு இந்த இடம் நரகமாத்தானே இருக்கு," என்று கேட்டேன். பாதி விளையாட்டு, பாதி கெஞ்சல்.

"மாட்டேன்," என்றாள். "பன்னெண்டு வருஷம் எரு ஏத்தியிருக்கேன். கடவுள் எனக்குன்னு பாத்துக் குடுத்தது இது ஒண்ணுதான். வாய் வெடிச்சுச் செத்தாலும் விட மாட்டேன்."

அவள் சொன்னதில் தப்பேயில்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு வலித்தது. அதற்குப் பிறகு நான் அவளைச் சீண்டவில்லை. என் துணிகளை மூட்டை கட்டினேன். இரண்டு பாவாடை, ஒரு சால்வை, ஜெபப்புத்தகம். பதினோரு வருடத்துக்கு அவ்வளவுதான் சேர்ந்திருந்தது.

மிக்கேல் திருநாளன்று காலை எவெர்ட் வந்துவிட்டார். நான் படித்துறையில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தேன். தண்ணீரைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க வேண்டும்போல் இருந்தது. கீழே போதிலின் படகில் பாதிரியார் சக்காரியஸ் ஏறி உட்கார்ந்திருந்தார். மேலே யோக்கிம் மேசையைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கெளம்பலாமா?" என்றார் எவெர்ட். தோல் வாசனையை அவருக்கு முன்னால் காற்றே கொண்டுவந்து சேர்த்துவிட்டது. பையிலிருந்து அச்சாரக் காசை எடுத்து நீட்டினார். அதைக் கையில் வாங்கிவிட்டால் ஒரு வருடத்துக்கு நான் அவருடைய ஆள்.

"அக்கா எப்படி இருக்கா, அத்தான்?"

"இருக்கா, இருக்கா. நீ வந்தா அவளுக்கு ஒத்தாசை. மூணு வேளைக் கஞ்சி உண்டு. ஒண்ணை மட்டும் இப்பவே சொல்லிடறேன். உன் வாயை இங்கயே விட்டுட்டு வந்துரு. எங்க வீட்டுல பொம்பளைங்க பேசறதில்ல. உங்கக்காவும் வரும்போது பேசிட்டுத்தான் இருந்தா. ஒரே வருஷத்துல சரி பண்ணிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார்.  ஸ்டாக்ஹோமின் பேர்போன இரண்டு வாய்களில் ஒன்றான எனக்கு, அந்த நேரத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. கண்ணில்தான் தண்ணீர் வந்தது. கையை நீட்டினேன்.

அப்போதுதான் கீழே படகு ஆடும் சத்தம் கேட்டது. போதில் படகில் எழுந்து நின்றிருந்தாள். கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டாள். மூச்சை நன்றாக இழுத்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

அவள் சொன்னதை நான் இங்கே எழுத முடியாது. எழுதினால் எந்த அச்சுக்காரரும் தொட மாட்டார். பிசாசின் பாட்டியில் ஆரம்பித்தாள் என்று மட்டும் சொல்கிறேன். அங்கேயிருந்து எவெர்ட்டின் தோல் பதனிடும் தொட்டிகளுக்கு வந்து, ஒவ்வொரு தொட்டியிலும் எந்தப் பிசாசு அவரை எத்தனை நாள் ஊறவைக்கும், எதை வைத்துச் சுரண்டும், அந்தத் தோலில் யாருக்கு என்ன தைத்துப் போடும் என்று போய்க்கொண்டே இருந்தாள். மூன்று வாரம் அடக்கி வைத்தது அத்தனையும் வந்தது. நடுவில் மூச்சு வாங்கவில்லை. மதகுப் பக்கம் படகுகள் நின்றுவிட்டன. கப்பல் ஓரத்தில் மாலுமிகள் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்கள். பாதிரியார் அவள் காலடியில், இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவெர்ட் இரண்டு படி பின்னால் போய் மீன் கூடையில் இடித்துக்கொண்டார்.

முடித்துவிட்டு அவள் உட்கார்ந்தாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். "ஐயா, மூணாச்சு," என்றாள் பாதிரியாரிடம், ரொம்ப மரியாதையாக. "எழுத்தரை எழுதிக்கச் சொல்லுங்க."

 பாதிரியார் என்னைப் பார்த்தார். என் மூட்டையைப் பார்த்தார். எவெர்ட்டையும் பார்த்தார். "என்னால எண்ண முடியல," என்றார் கடைசியில். "மூணுன்னே வெச்சுக்கலாம். எழுத்தரே, சீட்டுல தோத்தவ பேர் என்ன?"

யோக்கிம் புத்தகத்தைப் புரட்டக்கூட இல்லை. "வால்போர்க்," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "ராணி பக்கம்."

எவெர்ட் அச்சாரக் காசைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார். "அப்போ எங்க வீட்டுக்கு யாரு?" என்று கேட்டார், யாரையென்று தெரியாமல்.

"நீங்களே கஞ்சி காய்ச்சுங்க அத்தான்," என்றேன். வாய் திரும்பி வந்துவிட்டது. "அக்காவை வசந்த காலத்துல இங்க அனுப்புங்க. அனுப்பலைன்னா நான் இவளைக் கூட்டிக்கிட்டு அங்க வருவேன்." அக்கா ஏப்ரலில் வந்தாள். பதினைந்து நாள் இருந்தாள். பேசினாள், பாடினாள், திரும்பிப் போகும்போது என்னிடமிருந்து இரண்டு மூன்று நல்ல வார்த்தைகளையும் கற்றுக்கொண்டு போனாள்.

ஆனால் அன்று காலை நான் படியிறங்கிப் போனபோது போதில் படகிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். துடுப்பை என் கையில் கொடுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்கடி போற?" என்றேன்.

"எருப் படகு இருக்கே."

"பாதிரியாரை அக்கரைக்குக் கொண்டுபோகணும். அந்தப் பக்கத் துடுப்பை யாரு போடுவா, உங்கப்பனா? ஏறு."

அவள் ஒரு காலைப் படியிலும் ஒரு காலைப் படகிலும் வைத்துக்கொண்டு நின்றாள். "பாதியா?"

"சரிபாதி. உன் பேரையும் புத்தகத்துல எழுதச் சொல்றேன். இது ராணி பக்கத்து இடம், என்ன வேணா பேசலாம்."

ஏறி உட்கார்ந்தாள். படகு அவள் பக்கம் சாய்ந்தது. பாதிரியார் கண்ணை மூடிக்கொண்டார், ஜெபமா வேறெதுவா தெரியவில்லை. நாங்கள் துடுப்புப் போட ஆரம்பித்தோம். நான் அழுதுகொண்டேதான் போட்டேன். அவளும் பார்த்தாள், பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

பாதி தூரம் போனதும் கேட்டேன். "எனக்காகத்தானே திட்டின?"

"உனக்காகவா? ஆளைப் பாரு," என்றாள். "மூணு வாரமா வாய் அரிச்சுது. அந்தாளு வந்து சிக்கினான். அவ்ளோதான்."

ஒன்பது வருடமாக ஒரே படகில் இருக்கிறோம். ஒவ்வொரு மிக்கேல் திருநாளுக்கும் அதே கேள்வியைக் கேட்கிறேன். அதே பதிலைத்தான் சொல்கிறாள். அவள் சொல்வது பொய். வாய் வெடித்துச் செத்தாலும் விட மாட்டேன் என்று சொன்ன இடத்தை, அவள் எனக்காகத்தான் விட்டாள்.